ஃபிராக்கிங்குக்குக் கடிவாளம்: மாநிலத்திடமா, வாஷிங்டனிடமா?

2024 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அதிபர் வேட்பாளர் விவாதத்தில், பாறையை விரிசல் விடச்செய்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஃபிராக்கிங்கைத் தடை செய்ய மாட்டேன் என்று கமலா ஹாரிஸ் உறுதி கூறினார். 2019இல் தடைக்கு ஆதரவாகப் பேசியவர் அவர். எதிரே நின்ற டிரம்ப் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. துளசேந்திரபுரத்துப் பேத்தி ஜெயிப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்த நம்மவர்கள் பலருக்கு, பென்சில்வேனியா என்ற ஒரு மாநிலத்தின் தேர்தல் ஏன் ஒரு துளையிடும் முறையைச் சுற்றி வருகிறது என்பது விளங்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், யார் வென்றாலும் தனியார் நிலத்தில் ஃபிராக்கிங்கைத் தடை செய்யும் அதிகாரம் அதிபருக்குக் கிடையாது. அமெரிக்க காங்கிரஸ் புதிதாகச் சட்டம் இயற்றினாலொழிய, அந்த முடிவு பெரும்பாலும் மாநிலங்களுடையது.

அப்படி இருப்பது நல்லதா, வாஷிங்டன் கைக்குப் போவது நல்லதா? ஹூஸ்டனிலும் பிட்ஸ்பர்க்கிலும் வாக்களிக்கும் தமிழர்களுக்கு இது வாக்குச்சீட்டுக் கேள்வி. டெல்டாவில் இருந்து படிப்பவர்களுக்கும் பழகிய வாசனைதான். இங்கே எண்ணெய் வளத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, நிலமும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 2020இல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை அந்த இடைவெளியில்தான் கொண்டுவந்தது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் நிலத்துக்கு அடியில் இருப்பதும் தனியார் சொத்தாக இருக்கலாம். பென்சில்வேனியாவில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு உரிமத்தொகை தர வேண்டும் என்பது சட்டம். நெடுவாசலில் ஊரே ஒரு பக்கம் நின்றது. பென்சில்வேனியாவிலோ ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் காசோலை, அந்தப் பக்கம் கலங்கிய தண்ணீர் என்று ஊர் இரண்டாகப் பிரிகிறது.

## எதை வைத்து எடை போடுவது?

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆழத்தில் கிடக்கும் ஷேல் பாறையில் எரிவாயுவும் எண்ணெயும் சிக்கியிருக்கின்றன. கிணற்றைச் செங்குத்தாக இறக்கி, பிறகு படுக்கைவாட்டில் திருப்பி, நீரும் மணலும் வேதிப்பொருளும் கலந்த கலவையை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தினால் பாறை விரிசல் விட்டு வழி கொடுக்கும். ஒரு கிணற்றுக்குச் சுமார் 15 லட்சம் கேலன் முதல் 1.6 கோடி கேலன் வரை தண்ணீர் தேவைப்படுகிறது. உள்ளே போனதில் ஒரு பகுதி, பாறையில் இருந்த உப்பையும் ரேடியத்தையும் சுமந்துகொண்டு மேலே திரும்பி வரும்.

விரிசல் விடும் அந்தச் சில நாட்களைத்தான் சட்டம் ஃபிராக்கிங் என்கிறது. மக்களுக்கு வரும் தொல்லைகளோ பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் வருகின்றன. குழாயைச் சுற்றிப் பூசிய சிமென்ட் சரியாகப் பிடிக்காமல் வாயு மேலேறுவது, கழிவு நீரை எங்கே கொட்டுவது, வால்வுகளில் கசியும் மீத்தேன், லாரிப் போக்குவரத்து, கடைசியில் கைவிடப்பட்ட கிணறு. விவாதத்தில் பாதிக் குழப்பம் இங்கிருந்து பிறக்கிறது. ஆகவே நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை: அந்தப் பாறையை அறிந்த ஆட்கள் யாரிடம் இருக்கிறார்கள், பாதிப்பு எல்லை தாண்டினால் யாரால் தடுக்க முடியும், போட்ட விதி அடுத்த தேர்தலைத் தாண்டி நிற்குமா, விதி போடுபவரின் வருமானம் யாரிடமிருந்து வருகிறது, நிறுவனம் போன பிறகு செலவு யார் தலையில்.

## 2005இல் நடந்தது

1974இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம், நிலத்துக்கடியில் திரவத்தைச் செலுத்துவதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் கொடுத்தது. அந்த முகமையை எல்லோரும் சொல்வதுபோல் இபிஏ என்றே சொல்கிறேன். ஃபிராக்கிங் இதில் சேராது என்றே இபிஏ நெடுங்காலம் இருந்தது. அலபாமாவில் நிலக்கரிப் படுகை மீத்தேன் கிணறுகள் தொடர்பாக ஒரு வழக்கு எழுந்து, 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேரும் என்று சொல்லிவிட்டது. 2005 எரிசக்திக் கொள்கைச் சட்டம் அந்தக் கதவை அடைத்தது. டீசல் கலந்த திரவம் தவிர, ஃபிராக்கிங் திரவம் எதுவும் அந்தச் சட்டத்தின் கீழ் வராது என்று எழுதிவிட்டார்கள். அப்போது துணை அதிபர் டிக் செனி. ஃபிராக்கிங் சேவை வழங்கும் ஹாலிபர்ட்டன் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் அவர். அதனால் இதற்கு 'ஹாலிபர்ட்டன் ஓட்டை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விலக்கை நீக்க 2009இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை.

அதனால் வாஷிங்டனுக்கு இதில் வேலையே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கழிவு நீரை நிரந்தரமாகப் புதைக்கும் கிணறுகள் இன்றும் மத்தியச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன, டெக்சாஸ், ஓக்லஹோமா, ஒஹாயோ போன்ற மாநிலங்கள் இபிஏயின் ஒப்புதலோடு அதைத் தாங்களே நடத்துகின்றன. காற்று மாசும் மத்தியச் சட்டத்தில் உண்டு. மத்திய அரசுக்குச் சொந்தமான நிலத்தில் அது நிலச்சொந்தக்காரரும்கூட. நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் சுமார் 70 கோடி ஏக்கர் நிலத்தடி வளம் இருக்கிறது.

## முதல் வழி: மாநிலத்திடம் விடுவது

மாநிலத்தின் பெரிய பலம் பாறையறிவு. வடக்கு டகோட்டாவின் பாக்கன் ஷேல் வேறு, பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் ஷேல் வேறு. மார்செல்லஸுக்கு மேலே ஆழமில்லாத அடுக்குகளிலும் வாயு இருக்கிறது. அங்கே சிமென்ட் எத்தனை அடிவரை இறங்க வேண்டும் என்பதை வாஷிங்டனில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. புதிய யோசனைகளும் முதலில் மாநிலங்களிலிருந்தே வந்தன. திரவத்தில் என்ன கலக்கிறீர்கள் என்று 2010இல் முதன்முதலாகக் கேட்ட மாநிலம் வயோமிங். எண்ணெய்த் தொழிலை நேசிக்கும் மாநிலம்தான் அது. வணிக ரகசியம் என்ற திரைக்குப் பின்னால் சில பொருட்கள் அப்போதும் ஒளிந்துகொண்டன என்பது வேறு விஷயம். 2014இல் மீத்தேன் கசிவுக்கு முதல் விதி போட்டது கொலராடோ. இரண்டு ஆண்டு கழித்து இபிஏ போட்ட விதிக்கு அதுவே முன்னோடி.

தடை செய்யும் துணிவும் மாநிலங்களுக்கு உண்டு. 2012இல் வெர்மான்ட் தடை செய்தது. அங்கே எடுக்க ஒன்றுமில்லை என்பதால் அதைப் பெரிய தியாகமாகக் கொள்ள வேண்டியதில்லை. நியூயார்க்கின் கதை அப்படியல்ல. மார்செல்லஸ் பாறை அதன் தெற்கு எல்லைக்குள்ளும் ஓடுகிறது. இருந்தும் 2014 டிசம்பரில் தடையை அறிவித்து, 2020இல் சட்டமாகவே ஆக்கிவிட்டது. மேரிலாந்து 2017இல் தடை விதித்தபோது கையெழுத்திட்ட ஆளுநர் குடியரசுக் கட்சிக்காரர்.

பலவீனத்தைப் பார்க்க பென்சில்வேனியாவின் டிமோக் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். 2009 புத்தாண்டு நாளில் அங்கே ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு வெடித்து, அதன் கனத்த கான்கிரீட் மூடி தூக்கி எறியப்பட்டது. நீரில் மீத்தேன் புகுந்திருந்தது. காபட் என்ற நிறுவனத்தின் வாயுக் கிணறுகளே காரணம் என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை கண்டறிந்து, ஊரைச் சுற்றி ஒரு பகுதியில் புதிய கிணறு தோண்ட 2010இல் தடை போட்டது. ஊருக்குக் குழாய்வழித் தண்ணீர் கொண்டுவரப் போவதாக 2010 செப்டம்பரில் அறிவித்த அதே துறை, டிசம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, 19 குடும்பங்களுக்கு 41 லட்சம் டாலர் என்று நிறுவனத்தோடு சமரசம் செய்துகொண்டது. 2011 முடிவில் நிறுவனம் தண்ணீர் லாரியையும் நிறுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. பிறகு இபிஏ வந்தது. 2012 ஜனவரியில் நான்கு வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்து, பல கிணறுகளைச் சோதித்து, ஜூலையில் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று சொல்லிப் போய்விட்டது. வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம். 2022 நவம்பரில் காபட்டின் வாரிசு நிறுவனமான கோட்டெர்ரா குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, தண்ணீர்க் குழாய்த் திட்டத்துக்கு 1.629 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதே நாளில் மாநிலத் துறை, ஊருக்கு அடியில் வாயு எடுப்பதற்கு இருந்த தடையைச் சத்தமில்லாமல் தளர்த்தியது.

கைவிட்டதும் மாநிலம், பல ஆண்டு கழித்து நீதி கேட்டதும் மாநிலம். டிமோக்கைக் காட்டி மாநிலத்தை மட்டும் திட்டுபவர்களும் இபிஏயை மட்டும் திட்டுபவர்களும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மாநில அரசு ஒன்றல்ல. அனுமதி கொடுக்கும் மேசை ஒன்று, வழக்குப் போடும் மேசை வேறொன்று. இரண்டாவது மேசைக்கு முதல் மேசையின் வருமானக் கவலை இல்லை.

அந்தக் கவலைதான் மாநில வழியின் மறைவான செலவு. டெக்சாஸில் எண்ணெய், எரிவாயுவை ஒழுங்குபடுத்துவது ரயில்ரோடு கமிஷன். பெயரில் ரயில் இருக்கிறதே தவிர, ரயிலோடு அதற்கு இப்போது சம்பந்தமில்லை. அதன் மூன்று ஆணையர்களும் தேர்தலில் நின்று வருபவர்கள், அவர்களுடைய பிரசாரத்துக்குத் தாங்கள் கண்காணிக்கும் தொழிலிலிருந்தே நன்கொடை வருகிறது. சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் காவலுக்கு நிற்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்ற கேள்வியைக் கேட்காமல் எந்த ஒப்பீடும் முடியாது.

## இரண்டாவது வழி: வாஷிங்டனிடம் கொடுப்பது

மத்திய அரசின் பலம் எல்லையில் தெரிகிறது. பென்சில்வேனியாவில் கழிவு நீர்ப் புதைகிணறுகள் மிகக் குறைவு. ஒஹாயோவில் இருநூறுக்கு மேல். ஆகவே ஒரு மாநிலத்தின் கழிவு இன்னொரு மாநிலத்துக்கு லாரி ஏறியது. 2011 கடைசியில் ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் ஒரு புதைகிணறு நிலநடுக்கத்தையே கிளப்பியது. வாயு ஓரிடம், உரிமத்தொகை ஓரிடம், ஆட்டம் இன்னோரிடம். இதற்குத் தனி மாநிலச் சட்டம் எதிலும் மருந்து இல்லை. உப்பும் ரேடியமும் கலந்த நீரை நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக ஆற்றில் விடுவதை நாடு முழுக்க நிறுத்தியது 2016இல் இபிஏ போட்ட விதி. மீத்தேனும் அப்படித்தான். காற்றில் கலந்த பிறகு அது எந்த மாநிலத்து மீத்தேன் என்று யார் பிரிப்பது?

ஓக்லஹோமா இன்னும் சுவையான உதாரணம். 2008 வரை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை ரிக்டர் 3க்கு மேல் அதிர்ந்த மாநிலம், 2015இல் சுமார் தொள்ளாயிரம் முறை அதிர்ந்தது. காரணம் பெரும்பாலும் ஃபிராக்கிங் அல்ல, எண்ணெயோடு வரும் உப்புநீரை ஆர்பக்கிள் என்ற ஆழமான பாறை அடுக்கில் கோடிக்கணக்கான பீப்பாய்களாகப் புதைத்தது. மாநிலப் புவியியல் துறை இதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவே 2015 ஆயிற்று. 2016 செப்டம்பரில் பானீ அருகே 5.8 அளவில் ஆடியபோது, ஓசேஜ் கவுண்டியில் இருந்த புதைகிணறுகள் இபிஏயின் நேரடிப் பொறுப்பு, அதற்கு வெளியே இருந்தவை மாநில ஆணையத்தின் பொறுப்பு. ஒரே நடுக்கத்துக்கு இரண்டு அலுவலகங்களும் தத்தம் பகுதிக் கிணறுகளை மூட வைத்தன. அவசரத்தில் மாநிலம் மத்திய அரசைவிட மெதுவாக நடக்கவில்லை. ஆனால் அந்த அவசரம் வரும்வரை பல ஆண்டுகள் சும்மா இருந்தது.

வாஷிங்டனின் பலவீனம் ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரியது: நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கை மாறும். மத்திய நிலத்தில் ஃபிராக்கிங்குக்கான விதியை நில மேலாண்மைப் பணியகம் 2015 மார்ச்சில் வெளியிட்டது. நடைமுறைக்கு வருமுன்னே வழக்கு. காங்கிரஸ் கொடுக்காத அதிகாரம் இது என்று 2016 ஜூனில் வயோமிங் நீதிபதி அடித்துப்போட்டார். 2017 டிசம்பரில் டிரம்ப் அரசு விதியையே திரும்பப் பெற்றது. மீத்தேன் விதியின் பயணம் இன்னும் களைப்பூட்டுவது. 2016இல் ஒபாமா அரசு போட்டது, 2020இல் டிரம்ப் அரசு தளர்த்தியது, 2021இல் காங்கிரஸ் அந்தத் தளர்த்தலை ரத்து செய்தது, 2023இல் பைடன் அரசு இன்னும் கடுமையாக்கியது, 2025இல் மறுபடியும் காலக்கெடுவைத் தள்ளினார்கள். 2022இல் சட்டமாகவே வந்த மீத்தேன் கட்டணத்தையும் 2034வரை ஒத்திவைத்துவிட்டார்கள். சுற்றுச்சூழல்வாதியை விடுங்கள், கசிவு கண்டறியும் கருவியில் முதலீடு செய்யும் கம்பெனிக்காரருக்கே இது தலைவலி.

இன்னொரு மறைவான செலவு உண்டு. விதி மத்திய அரசுடையதானால் கண்காணிப்பும் அதனுடையது, அதற்கு ஆட்கள் வேண்டும். பென்சில்வேனியாவின் சிமென்ட்டைச் சோதிக்க மாநிலத்திடம் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை இபிஏயின் மண்டல அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு, பட்ஜெட்டை அடுத்த அதிபர் வெட்டினால், காகிதத்தில் கடுமையான விதியும் களத்தில் ஆளில்லாத கிணறும் மிஞ்சும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மாநிலம் | மத்திய அரசு |
|---|---|---|
| பாறை, கிணறு பற்றிய அறிவு | வலுவானது | தரவு உண்டு, களத்தில் ஆள் குறைவு |
| எல்லை தாண்டும் கழிவு, காற்று | கை கட்டப்பட்டது | இதுவே அதன் இடம் |
| விதியின் ஆயுள் | சட்டமானால் நீளம் | சட்டமானாலும் உறுதியில்லை, அரசாணையானால் நான்கு ஆண்டு |
| வருமானச் சார்பு | அதிகம் | குறைவு, மத்திய நிலத்தில் மட்டும் உண்டு |
| கைவிட்ட கிணற்றின் செலவு | வைப்புத்தொகை போதாது | கடைசியில் இங்கேதான் வருகிறது |

கடைசி வரிக்கு ஒரு விளக்கம். நிறுவனம் திவாலானால் கிணற்றை மூட ஒரு வைப்புத்தொகை வாங்கிவைப்பார்கள். மத்திய நிலத்தில் ஒரு குத்தகைக்கான குறைந்தபட்சத் தொகையை 1960இல் 10,000 டாலர் என்று வைத்தார்கள். 2024 வரை அதைத் தொடவே இல்லை, பிறகுதான் 1,50,000 ஆக்கினார்கள். பல மாநிலங்களின் நிலையும் இதைவிட மேலில்லை. விளைவாக, உரிமையாளர் இல்லாத கிணறுகளை மூட 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் 470 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. லாபம் மாநிலத்தில் தங்கியது, மூடும் செலவை ஃபுளோரிடாக்காரரும் கட்டினார்.

## நடுவில் இருக்கும் இருவர்: ஊரும் ஆறும்

மாநிலமா மத்திய அரசா என்று கேட்பவர்கள் ஊரை மறந்துவிடுகிறார்கள். டெக்சாஸின் டென்டன் நகரத்தில் 2014 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, சுமார் 59 சதவீதம் பேர் நகர எல்லைக்குள் ஃபிராக்கிங் வேண்டாம் என்றார்கள். அடுத்த மே மாதமே மாநிலம் ஒரு சட்டம் போட்டு, அப்படி முடிவெடுக்கும் உரிமையை எல்லா நகரங்களிடமிருந்தும் பறித்துவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் உரிமையில் தலையிடக் கூடாது என்று முழங்கும் அதே டெக்சாஸ்தான். மாநில உரிமை பேசுபவர்களிடம் நான் முதலில் கேட்பது டென்டனைப் பற்றித்தான்.

நியூயார்க்கில் 2014இல் டிரைடன் என்ற ஊர் ஃபிராக்கிங்கைத் தடுக்கப் போட்ட மண்டல விதி, அதாவது எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்ற விதி, உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. ஊர்களின் கையைக் கட்ட முயன்ற பென்சில்வேனியாவின் 2012 சட்டத்தின் முக்கியப் பகுதிகளை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் செல்லாது என்றது. கொலராடோவில் லாங்மாண்ட் நகரத்தின் தடையை 2016இல் நீதிமன்றம் நீக்கியது, 2019இல் சட்டமன்றம் ஊர்களுக்கு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. கிணறு பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதை ஊரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் சிமென்ட் சோதிக்கும் வசதி ஊருக்கு இல்லை. இடம் தேர்வது ஊரின் வேலை, அதோடு சரி.

ஆறு வேறு கதை. நியூயார்க், பென்சில்வேனியா, நியூஜெர்சி, டெலவேர் ஆகிய நான்கு மாநிலங்களும் மத்திய அரசும் 1961இல் ஒப்பந்தம் போட்டு உருவாக்கியது டெலவேர் நதிப்படுகை ஆணையம். 2021 பிப்ரவரியில் நான்கு மாநிலங்களும் சேர்ந்து படுகை முழுவதும் ஃபிராக்கிங்கைத் தடை செய்தன. மத்திய அரசு வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஃபிராக்கிங்கை மாநிலத்தின் மற்ற பகுதிகளில் வளர்த்த பென்சில்வேனியாவே தன் கிழக்கு ஓரத்தில் தடைக்குக் கை தூக்கியது என்பதைக் கவனியுங்கள். காவிரி மேலாண்மை ஆணையம் தண்ணீரின் அளவைப் பங்கிடுவதோடு நிற்கிறது. டெலவேரில் தண்ணீரின் தரத்தையும் மாநிலங்கள் ஒரே மேசையில் தீர்மானிக்கின்றன. அந்தப் பொறாமை எனக்கு உண்டு.

## எந்த நிலையில் யார் மேல்?

ஏற்கெனவே கட்டுப்படுத்த விரும்பும் அரசு இருக்கும் மாநிலத்தில் நீங்கள் இருந்தால், மாநில வழியே நல்லது. நியூயார்க்கின் தடையை எந்த அதிபரும் கலைக்க முடியாது. மத்திய அரசிடம் முழு அதிகாரம் போயிருந்தால் இந்நேரம் அதுவும் ஒருமுறையாவது புரட்டப்பட்டிருக்கும். வருமானத்துக்கு எண்ணெயையே நம்பியிருக்கும் மாநிலத்தில் இருந்தால், உங்களுக்கு வெளியிலிருந்து ஒரு குறைந்தபட்ச வரம்பு தேவை. உங்கள் தொல்லை பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறது என்றால் வாஷிங்டனை விட்டால் வேறு கதியில்லை. அருகில் இன்னும் துளை விழாத ஊரில் இருந்தால், மண்டல விதி இருக்கிறதா என்று நகரமன்றத்தில் கேட்பதே முதல் வேலை.

என் தேர்வைக் கேட்டால்: காற்று, கழிவு நீர், வைப்புத்தொகை மூன்றுக்கும் காங்கிரஸ் சட்டமாக ஒரு குறைந்தபட்ச வரம்பு, கிணற்றின் கட்டுமானமும் ஆய்வும் மாநிலத்திடம், இடம் ஊரிடம். 2005 விலக்கை நீக்குவதைவிட வைப்புத்தொகையை உயர்த்துவது பயன் தரும் என்பது என் கணிப்பு. முதலாவது கோஷத்துக்கு நன்றாக இருக்கும். இரண்டாவது, கிணறு தோண்டுவதற்கு முன்பே நிறுவனத்தின் பையைத் தொடும்.

இவை எதுவும் அடுத்த மாதம் மாறப்போவதில்லை. பென்சில்வேனியாவில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஷேல் வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் நீர், அந்த வேலை முடிந்து 12 மாதத்துக்குள் கெட்டால், நிறுவனமே காரணம் என்று அம்மாநிலச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. முன்பே கெட்டிருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. அதனால்தான் துளையிடும் முன் நிறுவனத்தின் ஆட்கள் உங்கள் தண்ணீரைச் சோதிக்க வாசலுக்கு வருவார்கள். அனுமதியுங்கள், மறுத்தால் அந்தப் பாதுகாப்பையே இழக்க நேரிடலாம். ஆனால் அதே வாரத்தில் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்தில் உங்கள் செலவில் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். மீத்தேன், குளோரைடு, பேரியம் மூன்றும் பட்டியலில் இருக்கட்டும்.